மூணு சர்வரும் டேஷ்போர்டுல காணோம், வியாதி மட்டும் வேற வேற

போன வாரம் முழுக்க இதுலயே போச்சு, கடுப்பு இன்னும் தீரல, ஆறிப்போறதுக்குள்ள எழுதிடறேன். ஒரு கிளவுட் மானிட்டரிங் சர்வீஸுக்கு மாறினோம், பேரு வேணாம். 14 சர்வர்ல ஏஜென்ட் (சர்வரோட நெலவரத்தை எடுத்து அந்த சர்வீஸுக்கு அனுப்புற சின்ன புரோகிராம்) போட்டோம், 11 சர்வர் அஞ்சு நிமிஷத்துல டேஷ்போர்டுல வந்து உக்காந்துருச்சு. மிச்சம் 3 வரவே இல்ல. நான் பண்ண மொதல் தப்பு, மூணும் ஒரே காரணத்தாலதான் வரலன்னு நானே முடிவு கட்டிக்கிட்டது. ஒண்ணுல கெடைக்கிற க்ளூவ எடுத்துட்டுப் போய் இன்னொண்ணுல தேடுவேன், அங்க அது இருக்காது, திரும்ப மொதல்லேர்ந்து.

சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். ஏஜென்ட்டை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்கன்னு பதில் வந்துச்சு. பண்ணேன், ஒண்ணும் மாறல. ரெண்டாவது பதில் வேற ஆளு, ஆனா அதே வரி, கமா கூட மாறல. மூணாவதா 443 போர்ட் (ஹெச்டிடிபிஎஸ் டிராஃபிக் போற வாசல்) ஓப்பனா இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க. நெட்வொர்க் டீம்ல ஒருத்தர்கிட்ட கேட்டா அவரு, "443 எப்பவோ ஓப்பன் சார், நீங்களே கர்ல் அடிச்சுப் பாருங்களேன்"னாரு. மொதல் சர்வர்ல லாகின் பண்ணி கர்ல் (ஒரு அட்ரஸுக்குப் போய்ப் பதில் வருதான்னு பாக்குற கமாண்ட்) அடிச்சேன், அழகா 200, அதாவது ஓகேன்னு வந்துச்சு. அந்த 200தான் என்னை ரெண்டு நாள் ஏமாத்துச்சு.

ஏன்னா கர்ல் அடிச்சது நான், ஏஜென்ட் இல்ல. அந்த சர்வர்லேர்ந்து வெளிய போகணும்னா ப்ராக்ஸி (நடுவுல நின்னு டிராஃபிக்கை வெளிய அனுப்புற சர்வர்) வழியாதான் போகணும், அந்த ப்ராக்ஸி செட்டிங்கை யாரோ எப்பவோ ப்ரொஃபைல் ஸ்கிரிப்ட்ல போட்டு வச்சிருக்காங்க, நான் லாகின் பண்ணா அது எனக்குக் கெடைக்கும். ஏஜென்ட் லாகினே பண்றதில்லையே, அதை சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களை ஸ்டார்ட் பண்ற புரோகிராம்) கெளப்பி விடுது, அது ப்ரொஃபைல் ஸ்கிரிப்ட்டெல்லாம் படிக்காது. அதனால ஏஜென்ட் ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்குறதே தெரியாம நேரா வெளிய போகப் பாத்து, லாக்ல டயல் டிசிபி, ஐஓ டைம்அவுட், அதாவது காத்திருந்தும் பதில் வரலன்னு எழுதிட்டே இருந்துருக்கு. இதை ஊகமாப் பேசாம கண்ணால பாக்க ஒரு வழி இருக்கு: ஏஜென்ட்டோட ப்ராசஸ் நம்பரை எடுத்துக்கோங்க, ப்ராக் டைரக்டரில அந்த நம்பருக்குள்ள என்விரான்னு ஒரு ஃபைல் இருக்கும், அதைத் தெறந்தா அந்த ப்ராசஸுக்கு என்னென்ன வேரியபிள் கெடைச்சிருக்குன்னு அப்படியே இருக்கும். நான் தெறந்து பாத்தேன், பாத் (PATH) வேரியபிளும் லாங்குவேஜ் செட்டிங்கும் இன்னும் ரெண்டு மூணும் இருந்துச்சு, ப்ராக்ஸிங்கிற பேச்சே இல்ல. நாலாவது நாள் காலைல பாத்தேன் இதை, மொத நாளே பாத்திருக்கலாம்.

சரி, சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு, ஏஜென்ட்டோட யூனிட் ஃபைல்ல (அதை எப்படி ஓட்டணும்னு சிஸ்டம்டிக்குச் சொல்ற ஃபைல்) ப்ராக்ஸி அட்ரஸும் பாஸ்வேர்டும் உள்ள என்விரான்மென்ட் லைன் சேத்தாச்சு, ரீஸ்டார்ட், இப்பவும் வரல! இந்தத் தடவை ப்ராக்ஸி 407 குடுக்குது, அதாவது சரியான பாஸ்வேர்டு வேணுங்குது. பாஸ்வேர்டுல ஒரு @ இருக்கு, யூஆர்எல்ல அது %40ன்னு போகணும், அது எனக்குத் தெரியும், அப்படித்தான் போட்டேன். ஆனா சிஸ்டம்டி யூனிட் ஃபைல்ல % குறிக்கே தனி அர்த்தம் உண்டு, அதனால %%40ன்னு ரெண்டு தடவை போடணும். தனியா ஒரு என்விரான்மென்ட் ஃபைல்ல வச்சுக் கூப்பிட்டா இந்தத் தொல்லை கெடையாது, ஒத்தை % போதும், பாஸ்வேர்டும் யூனிட் ஃபைல்ல அம்மணமா நிக்காது. இந்த ஒரு எழுத்துக்கு ஒரு மதியம் போச்சு.

அதுக்கப்புறம் சர்வர் வந்துச்சு, ஆனா வேற யாரோட டேகையோ மாட்டிக்கிட்டு வந்துச்சு. நம்மளோடதெல்லாம் கிளவுட் விஎம் (வர்ச்சுவல் மெஷின்), ஏஜென்ட் தன் விவரத்தை 169.254.169.254ங்கிற மெட்டாடேட்டா அட்ரஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கும். ப்ராக்ஸி போட்டதும் அந்தக் கேள்வியும் ப்ராக்ஸி வழியா போயிருக்கு, ப்ராக்ஸியும் ஒரு விஎம்தானே, அது தன்னோட ஜாதகத்தை எடுத்துக் குடுத்துருச்சு. நோ-ப்ராக்ஸி லிஸ்ட்ல (ப்ராக்ஸி வழியா போகக் கூடாத அட்ரஸ் லிஸ்ட்) அந்த அட்ரஸைச் சேத்ததும் சரியாச்சு. ப்ராக்ஸி போடுற எல்லாரும் இதையும் சேத்தே போட்டுருங்க, பின்னாடி தேடவே வேணாம்.

ரெண்டாவது சர்வர் வேற சப்நெட் (நெட்வொர்க்கோட வேற பகுதி), அங்க ப்ராக்ஸியே கெடையாது, நேரா ஃபயர்வால் வழியா வெளிய போகுது. ஆனா நான் மொதல் சர்வரோட போதைல இங்கயும் ப்ராக்ஸி போட்டுப் பாத்து அரை நாளைத் தின்னுட்டேன். லாக்கைப் பொறுமையாப் படிச்சிருந்தா போதும், அதுல டைம்அவுட்டே இல்ல, எக்ஸ்509, சர்டிபிகேட் சைன்டு பை அன்நோன் அத்தாரிட்டின்னு இருந்துச்சு, அதாவது எதிர்ல காட்டுன அடையாளச் சான்றுல தெரியாத ஆள் கையெழுத்து. டைம்அவுட்னா பாக்கெட்டை நடுவுல யாரோ முழுங்குறாங்க, ரெஃப்யூஸ்டுன்னா போய்ச் சேந்துச்சு ஆனா கதவைச் சாத்திட்டாங்க, எக்ஸ்509னா கதவு தெறந்துச்சு ஆனா தெறந்த ஆளை நமக்குத் தெரியல, 401, 403ன்னா ஏபிஐ கீ (ஏஜென்ட் தன்னை அடையாளம் காட்டுற ரகசியச் சாவி) தப்பு இல்லாட்டி சர்வீஸோட ரீஜன் மாறிப் போச்சு. இது நாலும் நாலு வேற பிரச்சன, டேஷ்போர்டுக்கு மட்டும் நாலும் ஒரே காணோம்தான்.

ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட் போட்டு சர்டிபிகேட்டைப் பாத்தா, இஷ்யூவர், அதாவது குடுத்தவர் இடத்துல நம்ம கம்பெனி பேரே இருக்கு! ஃபயர்வால் நடுவுல உக்காந்து எஸ்எஸ்எல்லைப் பிரிச்சுப் பாத்துட்டு தன் சர்டிபிகேட்டைப் போட்டு அனுப்புது. "443 ஓப்பன்தான்"னு சொன்னவர் பொய் சொல்லல, ஓப்பன்தான், ஆனா நடுவுல ஒரு ஆள் லெட்டரைப் பிரிச்சுப் படிச்சுட்டு ஒட்டி அனுப்புறாருன்னு சொல்லல, நானும் அப்படிக் கேக்கல.

அந்த சர்டிபிகேட்டை சர்வர் நம்பணும்னு கம்பெனி ரூட் சர்டிபிகேட்டை வாங்கி உபுன்டுல லோக்கல் சர்டிபிகேட் ஃபோல்டர்ல போட்டு அப்டேட் கமாண்ட் அடிச்சேன். ஒரு வரி ஓடுச்சு, எர்ரர் இல்ல, முடிஞ்சுதுன்னு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா அதே எக்ஸ்509. அந்த ஓடின வரியை அப்பதான் ஒழுங்காப் படிச்சேன்: 0 ஆடட். ஃபைல் பேரு சிஆர்டின்னு முடியணும், நான் பிஇஎம்னு முடியிற மாதிரியே போட்டிருந்தேன், அது கண்டுக்கவே இல்ல. பேரை மாத்தி திரும்ப அடிச்சதும் 1 ஆடட். கர்ல் ஓகே, ஏஜென்ட் இன்னும் அதே அழுகை, ஏன்னா ஸ்டார்ட் ஆகும்போது படிச்ச சர்டிபிகேட் லிஸ்டையே அது வச்சுக்கிட்டு ஓடுது. ரீஸ்டார்ட் பண்ணா மெயின் ஏஜென்ட் வந்துருச்சு. ஆனா அதுக்குக் கீழ ஓடுற பைத்தான் ப்ளக்இன் ஒண்ணு வரல, அது சிஸ்டம் லிஸ்டையே பாக்காது, கூடவே வந்த சர்டிஃபைங்கிற பேக்கேஜ்ல இருக்குற லிஸ்டை மட்டும்தான் நம்பும். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு சிஏ பண்டில் எங்க இருக்குன்னு சொல்ற வேரியபிளைக் குடுத்து அதையும் வழிக்குக் கொண்டுவந்தேன்.

நடுவுல ஒருத்தர், "அட வெரிஃபிகேஷனை ஆஃப் பண்ணி விடுங்க ப்ரோ, ஒரே நிமிஷம்"னாரு. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் ஏபிஐ கீயைத் தூக்கிட்டுத்தான் போகுது, எதுத்தாப்ல யாரு நிக்கிறாங்கன்னு பாக்காம நீட்டிட்டு வந்துரும். (அப்படியே சர்வர் கடிகாரத்தையும் ஒரு தடவை பாத்துருங்க. நேரத்தைச் சரி பண்ணிக்கிற யூடிபி 123 போர்ட் மூடியிருந்தா நேரம் நகந்துபோய், நல்ல சர்டிபிகேட்டையே இன்னும் செல்லாதுன்னு சொல்லும். என்னோடதுல அது இல்ல, ஆனா பாக்க பத்து செகண்ட்தான்.)

மூணாவது சர்வர்தான் எனக்கு அவமானம். அதுல கனெக்ஷன் பிரச்சனையே இல்ல! லாக்ல ஒவ்வொரு 15 செகண்டுக்கும் 202 அக்செப்டட், 202 அக்செப்டட்னு சொல்லிட்டே இருக்கு, நான் அதைப் பாத்துட்டே நெட்வொர்க் டீமோட சண்டை போட்டுட்டு இருக்கேன். டேட்டா போகுது, அங்க வாங்கிக்கிறாங்க, டேஷ்போர்டுல மட்டும் ஆளக் காணோம்.

தற்செயலா வேற ஒரு சர்வரோட மெமரி கிராஃபைத் தெறந்தேன். மொத்த மெமரி 8 ஜிபி, கொஞ்ச நேரத்துல 32, திரும்ப 8. உபயோகம் ஏறி இறங்கலாம், மொத்த ராம் எப்படிங்க ஏறி இறங்கும்? பேஜை ரிஃப்ரெஷ் பண்ணா அந்த ரோவோட பேரும் மாறுது, ஒரு தடவை அந்த சர்வர் பேரு, இன்னொரு தடவை நான் அஞ்சு நாளாத் தேடிட்டு இருக்குற சர்வர் பேரு. ரெண்டு சர்வர் ஒரே ரோல மாத்தி மாத்தி உக்காந்துட்டு இருக்கு. ரெண்டுலயும் மெஷின்-ஐடி (ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியா இருக்க வேண்டிய அடையாளம்) ஃபைலைத் தெறந்து பக்கத்துல பக்கத்துல வச்சேன், 32 எழுத்தும் அச்சு அசல். ஒரே டெம்ப்ளேட்லேர்ந்து க்ளோன் பண்ணப்ப அதைக் காலி பண்ணாம விட்டிருக்காங்க, இந்த ஏஜென்ட் அந்த ஐடியை வச்சுத்தான் யாரு எவருன்னு முடிவு பண்ணுது. கண்டுபிடிச்சப்ப சத்தமாவே சிரிச்சுட்டேன், பக்கத்து சீட்ல இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க.

ஃபைலைக் காலி பண்ணி மெஷின்-ஐடி செட்அப் கமாண்டை ஓட்டினா, அதே பழைய ஐடி திரும்ப வந்து நிக்குது. டிபஸ் ஃபோல்டர்ல இன்னொரு காப்பி இருந்துருக்கு, அதைப் பாத்து எழுதிக்குது. அதையும் அழிச்சுட்டு ஓட்டினதும் புது ஐடி வந்துச்சு. ரீபூட் பண்ணேன், எஸ்எஸ்எச்ல (ரிமோட் லாகின்) உள்ள போக முடியல, ஒரு நிமிஷம் வயித்தைக் கலக்கிருச்சு. ஐபி அட்ரஸ் குடுக்குற டிஹெச்சிபிக்கு சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கிறதும் அந்த ஐடியை வச்சுத்தானாம், புது ஐடிக்குப் புது ஐபி குடுத்துருக்கு. மாத்தப் போறவங்க கன்சோல் ஆக்சஸ் (எஸ்எஸ்எச் இல்லாமலே உள்ள போற வழி) கையில வச்சுக்கிட்டு, ஐபி மாறினா யார் யாருக்குச் சொல்லணும்னு எழுதி வச்சுக்கிட்டு மாத்துங்க. எனக்கு ஃபயர்வால் ரூல்ல பழைய ஐபி இருந்ததால திரும்பவும் அதே நெட்வொர்க் ஆள்கிட்டயே போய் நிக்க வேண்டியதாப் போச்சு, நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லாம மாத்திக் குடுத்தாரு.

இப்போ 14ம் வந்துருச்சு. டெம்ப்ளேட் மட்டும் இன்னொரு டீம் கையில இருக்கு, மெஷின்-ஐடியைக் காலி பண்ணுங்கன்னு மெயில் போட்டு மூணு நாளாச்சு, பதில் இல்ல, வெள்ளிக்கிழமை அதுலேர்ந்தே இன்னும் ரெண்டு சர்வர் எழுப்பப் போறாங்களாம்.