டயாலிசிஸ் நாட்களில் ஜெபிக்கப் படித்தோம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்று தெரிந்ததிலிருந்து நாங்கள் கடந்து வந்ததை எழுதித் தரச் சொல்லி எங்கள் சேகரத்து (திருச்சபை வட்டத்து) பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பலமுறை கேட்டுவிட்டார்கள். சுகமான பிறகு எழுதுகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சுகமாகவில்லை. அதற்காகக் காத்திருந்தால் எழுதவே போவதில்லை என்று இப்போது உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் களக்காட்டுப் பக்கம். மேற்கே மலை, சுற்றிலும் வாழை. அவர் எனக்கு முறைப் பையன், அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அத்தான்தான். வாழைத்தார் வியாபாரம். இரத்த அழுத்தம் பல வருஷமாக இருந்தது, மாத்திரையும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டு வந்தார். ஒரு ஆவணி மாதம் கால் வீங்கியது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. பாளையங்கோட்டையில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் பத்துக்கு மேல். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது அது.

முதலில் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது, செய்தார்கள். அப்புறம் இடது கையில் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது. சிரை தடித்து ஊசி ஏற்றும் அளவுக்குத் தேற ஆறு வாரமாவது ஆகும். தேறிய பிறகு அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஓடும் இரத்தம் உறுமுவது தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், உறுமல் நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் டயாலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஏத்தன் வாழைக் குலையைத் தோளில் ஏற்றி லாரிக்கு நடந்தவரிடம் பாரம் தூக்கக் கூடாது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதல் பஸ்ஸில் நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி போய், சாயங்காலம் திரும்புவோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னது அடுத்த படுக்கையில் இருந்த மேலப்பாளையத்துப் பாய்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள கவுண்டருக்குப் போனால் போட்டோ பிடித்துப் பதிந்துகொள்வார்கள். வழி சொன்னதோடு நிற்காமல் பாய் தன் மகனையும் கூட அனுப்பினார். அதற்குள் நாங்கள் செலவழித்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்தத் தகவலை மட்டும் எங்கே எழுதினாலும் முதலில் எழுத வேண்டும்.

சமையல் இன்னொரு கதை. காயோ கீரையோ எதுவானாலும் நறுக்கி, நிறைய தண்ணீரில் வேக வைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு போகும். உடம்பில் அது ஏறினால் இதயம் தடுமாறி நின்றே போகலாம். இளநீர் கூடாது, பதநீர் கூடாது, கருவாடு கூடாது. வாழைப்பழம் கூடாது. வாழைத்தார் வியாபாரி வீட்டில்! சித்திரை வெயிலிலும் குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. சாப்பிடும் முன் ஜெபம் செய்யும் பழக்கம் எங்கள் வீட்டில் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. அந்த உப்பில்லாத, சத்தில்லாத கறியை முன்னால் வைத்துக்கொண்டு அத்தான் ஒருநாள், “ஏளா, இதுக்கு நீயே நன்றி சொல்லு, எனக்கு வாய் வரல” என்றார். நானும் சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள். பிறகு வெகுநாள் அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பத்தில் எங்கள் ஜெபம் எல்லாம் ஒன்றே ஒன்றுதான்: சிறுநீரகத்தைத் திரும்ப வேலை செய்ய வையும், ஆண்டவரே. உபவாசம் இருந்தேன். ஜனவரி 1-ந் தேதி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையைப் பீரோக் கதவில் ஒட்டினேன். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்கும் முந்தின இரவு தூங்காமல் ஜெபம், மறுநாள் அதே எண். ஒரு கட்டத்தில் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வராது. பயமாக இருந்தது. விசுவாசம் போய்விட்டதோ என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டு அம்மாவிடம்கூட, “நல்லா இருக்கோம், ஜெபிச்சுக்கோங்க” என்றே சொல்லிவிட்டு வருவேன்.

வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள், ஆனால் வெறும் வாயோடு வரவில்லை. வீட்டில் ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள் என்றார் ஒருவர். வேதத்தில், துன்பத்தில் இருந்த யோபுவைப் பார்க்க அவருடைய சிநேகிதர்கள் வந்தவுடன் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் கட்சி. வாயைத் திறந்த பிறகுதானே வினை. இன்னொரு ஜெபக் கூட்டத்தார், விசுவாசம் இருந்தால் மெஷினை விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். அதுவரை பேசாமல் இருந்த அத்தான் அன்றைக்கு வேதாகமத்தை எடுத்தார். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது கர்த்தர் ஆயுசைக் கூட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், அதே ஏசாயாதான் பிளவையின் மேல் அத்திப்பழ அடையைப் பத்துப் போடவும் சொன்னார். “வாக்குக் கொடுத்தவருக்கு அத்திப்பழம் தடையா இல்லையே, எனக்கு மட்டும் மெஷின் எப்படித் தடையாகும்?” என்று கேட்டார். இரண்டு தடவை டயாலிசிஸைத் தவறவிட்டால் மூச்சு முட்டிப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் பேசுகிறவர்கள் சொல்லைக் கேட்டு மருத்துவத்தை நிறுத்தாதீர்கள். ஊழியக்காரர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

வார்த்தை வராத அந்த நாட்களில் என்னைத் தாங்கியது, சிறு வயதில் எனக்குச் சலிப்பாக இருந்த கோயில் ஆராதனை முறைதான். புத்தக ஜெபத்தில் ஜீவன் இல்லை என்று எங்கள் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். எனக்குச் சொந்தமாக ஒரு வரி ஜெபம்கூட இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், சபையார் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்வார்கள். நான் வாயசைத்தால் போதும். அத்தானைச் சனிக்கிழமை டயாலிசிஸ் தெம்பாக வைத்திருக்கும், அதனால் அவரும் கோயிலில் இரண்டாம் மணி அடிப்பதற்குள் வந்துவிடுவார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருக்கும் நேரத்தில் சங்கீதங்களை வரிசையாக வாசித்தேன். எண்பத்தெட்டாம் சங்கீதம் வந்தது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் எங்கோ ஓரிடத்தில் துதியாக மாறிவிடும். அது மாறாது. கடைசி வசனம் வரை இருட்டுதான். இப்படி ஒரு முறையீட்டையும் ஆண்டவர் ஆலயத்தில் பாடும் பாட்டாக வைத்திருக்கிறாரே, அப்படியானால் நான் சண்டை போட்டாலும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார் என்று பட்டது. அன்றைக்கு அந்த வராண்டாவிலேயே அழுதுகொண்டு நன்றாகச் சண்டை போட்டேன். சொந்த வார்த்தையில் வெகு காலத்துக்குப் பிறகு நான் செய்த ஜெபம் அதுதான்.

டோனாவூர் எங்கள் ஊருக்கு எட்டும் தூரம். அங்கே பிள்ளைகளை மீட்டு வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவர். அவர் காலத்திலேயே அங்கே ஆஸ்பத்திரி இருந்தது, ஜெபிக்கிறவர்களுக்கும் குறைவில்லை. ஞாயிறு பாடசாலையில் எங்களுக்கு அவர் மீட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்லித் தந்தார்கள். அந்த இருபது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு இப்போது அந்த இருபது வருஷத்தைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது. சுகமாகாத அந்த அம்மையாரை விசுவாசக் குறைவு என்று இந்தத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் சொன்னதில்லையே, பின்னே எங்களை மட்டும் ஏன்?

மாற்றுச் சிறுநீரகம் என்று பேச்சு வந்தபோது நான் கொடுக்க முன்வந்தேன். பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கழித்துவிட்டார்கள். மகளிடம் வாங்க அத்தான் சம்மதிக்கவே இல்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான அரசுப் பட்டியலில் பெயரைப் பதிந்தோம். அப்போதுதான் எங்கள் ஜெபத்துக்குப் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. “ஆண்டவரே, சீக்கிரம் கிட்னி கிடைக்க வேண்டும்” என்று மகள் ஜெபித்துக்கொண்டிருந்தபோது அத்தான் இடையில் கையை உயர்த்தி நிறுத்தினார். “சீக்கிரம்னு சொல்லாத மக்கா. எங்கயோ ஒரு வீட்ல விபத்து நடக்கணும்னு கேக்குற மாதிரி இருக்கு.”

பின்னே எப்படிக் கேட்பது? பல நாள் பேசினோம். ஐயரிடம் கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லாமல் யோசித்தார், அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. கடைசியில் பாயிடம் அத்தான் கேட்டிருக்கிறார், நீங்கள் எப்படித் துஆ செய்வீர்கள் என்று. “அந்தக் குடும்பத்துக்குப் பொறுமையைக் கொடுன்னு முதல்ல கேப்பேன், மத்தது அவன் பாத்துப்பான்” என்றாராம் பாய். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தின் வரிசை மாறியது. 2023 செப்டம்பருக்குப் பிறகு, உறுப்பு தானம் செய்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் அரசு மரியாதையோடு அடக்கம் நடக்கிறது. டிவி செய்தியில் அது வந்தால் அத்தான் சத்தத்தைக் கூட்டி ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொள்வார். அன்றிரவு ஜெபத்தில் அந்த ஊர் இருக்கும், அந்தத் தாய் இருப்பாள், பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் தேவை கடைசியில் ஒரு வரி. சில நாள் மறந்தும் போகும்.

பாய் மாற்று கிடைக்கும் முன்னே இறந்துவிட்டார். மேலப்பாளையம் போய் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஒன்றும் பேசவில்லை.

ஒரு தடவை எங்களுக்கும் அழைப்பு வந்தது. இரவோடு இரவாக மதுரைக்குக் கார் பிடித்துப் போனோம். ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவருக்கு மேற்பட்டவர்களை வரச் சொல்வார்கள், பொருத்தம் பார்த்துத்தான் முடிவு. விடியும்போது, அது வேறொருவருக்குப் பொருந்தியிருக்கிறது, நீங்கள் போகலாம் என்றார்கள். அந்த வேறொருவர் எங்கள் மகள் வயதுப் பெண். அவள் அப்பா அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பவரைப் போல நின்றார். “போய்ப் பிள்ளையப் பாருங்க, நாங்க ஜெபிக்கிறோம்” என்று அனுப்பிவிட்டு அத்தான் காரில் ஏறினார். கோவில்பட்டி வரை யாரும் பேசவில்லை. அங்கே டீக்கடையில் அரை கிளாஸ் டீ கேட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டே, தானம் கொடுத்த வீட்டுக்காகவும் அந்தப் பெண்ணுக்காகவும் ஜெபித்தார். எனக்கு ஆமென் சொல்ல நேரமானது. அழுகையும் கோபமும் இருந்தது. ஆனாலும் சொன்னேன். முதல் வருஷத்தில் இது நடந்திருந்தால் நான் கோயில் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இப்போதும் பட்டியலில்தான் இருக்கிறோம். வியாபாரத்தை மைத்துனர் பார்க்கிறார், கணக்கு மட்டும் அத்தான் போனில் கேட்டு எழுதுகிறார். சாப்பாட்டு ஜெபத்தை மகளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார், கறி அதே வடித்த கறிதான். ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து தவக் காலத்தில் வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு அவரை யோபு புத்தகம் எடுக்கச் சொன்னார்கள். முப்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக இரண்டாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை. டயாலிசிஸ் பற்றிச் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் வேறு முடிந்த பிறகு அவரை விடுவதில்லை, கலெக்டர் ஆபீசில் எந்தக் கவுண்டர் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள்.