250 நாள், 27 துவைப்பு: காரைக்குடி வெயிலில் ஒரு ஜப்பான் ஜீன்ஸ்

நேற்றோடு 250 நாள் ஆகிவிட்டது. பட்டறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், ஜீன்ஸ் போட்ட நாளுக்கு ஒரு கோடு, துவைத்த நாளுக்கு ஒரு வட்டம் என்று தச்சுப் பென்சிலால் குறித்து வந்தேன். போன ஆவணியில் தொடங்கி இந்த ஆவணி வரை 250 கோடு, 27 வட்டம். எப்படித் துவைக்கிறாய், இத்தனை தடவை துவைத்தும் எப்படி வெளுத்தது என்று ஞாயிற்றுக்கிழமை கூடும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் பழைய மரச்சாமான்களைச் சீர் செய்யும் பட்டறை. பிரிக்கிற வீடுகளில் இருந்து வரும் பர்மா தேக்கு நிலை, கதவு, தூண், அலமாரி எல்லாவற்றையும் இழைத்து, உப்புத்தாள் போட்டு, பாலிஷ் ஏற்றி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குக் கொடுப்போம். பகல் முழுக்கத் தரையில்தான் இருப்பேன். ஜீன்ஸ் வெளுக்கிற விதத்தையே இது மாற்றிவிடுகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

ஜப்பான் சரக்கின் மேல் எனக்கு ஆசை வந்ததும் இந்த வேலையால்தான். ஒரு வீட்டுச் சுவரில் இருந்து கழற்றிய பூப்போட்ட ஓட்டின் பின்பக்கத்தைத் துடைத்தபோது, ஜப்பானில் செய்தது என்று ஆங்கில எழுத்து தெரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் மூலை மழுங்கவில்லை, பூவின் நிறம் மங்கவில்லை. அப்புறம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது போட்டிருந்த ஜீன்ஸைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

இது என் இரண்டாவது ஜோடி. முதல் ஜோடியை நான் பாழாக்கிவிட்டேன். ஆறு மாதம் தண்ணீர் படாமல் போட்டால்தான் மடிப்புகள் அழகாக வெளுக்கும் என்று, புது ஜீன்ஸைப் போட்டுப் போட்டே வெளுக்க வைக்கும் இந்தப் பித்து பிடித்த எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படியே கடைப்பிடித்தேன். ஐந்தாவது மாதம், பங்குனி வெயிலில், ஒரு நிலையைத் தூக்கக் குனிந்தேன். கவட்டைத் தையலை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது தையல் நூல் நன்றாகத்தான் இருந்தது. துணிதான் போயிருந்தது. இழையைப் பிடித்து இழுத்தால் பஞ்சாக உதிர்ந்தது. வியர்வை, மரத்தூள், உப்புத்தாளின் பொடி மூன்றும் துணிக்குள் தங்கி, ஒவ்வொரு அசைவிலும் நூலை அராவியிருக்கின்றன. குளிர் ஊரில் அந்த விதி சரியாக இருக்கலாம். மத்தியானம் 39, 40 டிகிரி அடிக்கும் ஊரில் அது துணியைக் கொல்லும் வழி. அதனால் இரண்டாவது ஜோடிக்கு ஒரே தீர்மானம்: வியர்வை ஏறினால் துவைத்துவிட வேண்டும். வெளுப்பு எப்படி வருகிறதோ வரட்டும்.

துணி 14 அவுன்ஸ். ஒரு சதுர கஜம் அவ்வளவு எடை என்று கணக்கு. முன்சுருக்கம் செய்யாத துணி என்பதால் முதலில் வெந்நீரில் போட்டே ஆக வேண்டும். கொல்லையில் அண்டாவில் தண்ணீர் காய வைத்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் முக்கி வைத்தேன். துணியில் இருந்த கஞ்சியெல்லாம் இறங்கி, தண்ணீர் பழுப்பும் நீலமுமாகக் கலங்கியது. நெய்யும்போது இழை அறாமல் இருக்கப் பாவுக்கு, அதாவது நீளவாக்கு நூலுக்கு, போட்ட கஞ்சி அது. நிழலில் காய்ந்ததும் டேப் வைத்து அளந்தேன். இடுப்பு 34 அங்குலம் 32 ஆகியிருந்தது. உள்கால் நீளம் 35 இருந்தது, 32 அரைக்கு வந்துவிட்டது. இடுப்பு மட்டும் ஒரு வாரம் போட்டதும் 33க்கு நெகிழ்ந்தது. நீளம் நெகிழவே இல்லை. வாங்குகிறவர்கள் நீளத்தைக் கூட்டி வாங்குங்கள், இதில் தயக்கமே வேண்டாம்.

கீழ்மடிப்புதான் சங்கடமாக இருந்தது. சங்கிலித் தையல் போடும் பழைய யூனியன் ஸ்பெஷல் மெஷினில் மடித்தால் விளிம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வெளுக்கும். அந்த மெஷினுக்கு நான் எங்கே போவது? செக்காலை ரோட்டுப் பக்கம் நான் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் அண்ணன், ஜூகி மெஷினில் 18ஆம் நம்பர் ஊசி மாட்டி, பக்கத் தையல் நாலு மடிப்பாக வரும் இடத்தைச் சுத்தியலால் தட்டி நசுக்கி, கையால் சக்கரத்தை உருட்டி உருட்டித் தைத்துக் கொடுத்தார். இரண்டு ஊசி உடைந்தது. ஊசிக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த மடிப்பு இன்றைக்கும் ஒரு தையல் விடவில்லை.

விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கால் மடிப்பைச் சுருட்டினால், வெளிப்பக்கத் தையலின் உள்ளே வெள்ளைக் கரையும் நடுவே ஒரு சிவப்பு இழையும் ஓடுமே, அதைத்தான் செல்வெட்ஜ் என்று கொண்டாடுகிறோம். குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்த் திரும்பி வரும் தறியில்தான் இப்படி விளிம்பு தானே கட்டிக்கொள்ளும். துணியின் அகலம் 30 அங்குலம் அளவுதான் வரும். இப்போதைய அகலத் தறிகளில் அதுபோல் இரண்டு மடங்கு. கண்டாங்கிச் சேலை நெய்யும் ஐயா ஒருவர் தன் வீட்டு அலமாரிக்குப் பாலிஷ் போட என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் கால் மடிப்பைச் சுருட்டி விட்டிருந்தேன். அவர் குனிந்து விளிம்பைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்துவிட்டு, "நாடாத் தறியில நெய்ஞ்சது தம்பி இது. எந்த ஊர்த் துணி?" என்று கேட்டார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்!

ஜப்பானில் ஒகயாமா பக்கம் கொஜிமா என்று நான் சொன்னதும் உட்கார வைத்துவிட்டார். கடலைத் தூர்த்து எடுத்த நிலம், உப்பு மண்ணில் நெல் வராமல் பருத்தி போட்டார்கள், அதிலிருந்து கட்டுகிற பட்டைக் கயிறு, காலுறை, பள்ளிக்கூடச் சீருடை என்று தைத்துத் தைத்து, 1965இல் மாருவோ என்ற தையல் நிறுவனம் அமெரிக்கத் துணியை வாங்கி ஜீன்ஸ் தைத்தது, அதுதான் பின்னால் பிக் ஜான் என்ற பெயரில் வளர்ந்தது என்றெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜப்பானிலேயே டெனிம், அதாவது ஜீன்ஸ் துணி, நெய்தது அதற்குப் பிறகுதான். குராபோ ஆலையின் கேடி-8 என்ற டெனிம் வந்தது 1973இல். ஹிரோஷிமா பக்கத்துக் கைஹாரா ஆலைக்காரர்கள் 1893இல் தொடங்கியவர்கள், நூலைக் கட்டிக் கட்டி நீலச் சாயத்தில் முக்கி நெய்தவர்கள் என்றபோது ஐயா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கட்டிச் சாயம் போடுவது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாயத்துக்கு வந்தபோது அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாவு நூலை மணிக்கட்டுப் பருமனில் கயிறாகச் சேர்த்து, சாயத் தொட்டியில் முக்கி, தூக்கிக் காற்றில் விட்டு, மறுபடி முக்குவார்கள். தொட்டிக்குள் மஞ்சள் கலந்த பச்சையாக இருப்பது காற்றுப் பட்டதும் நீலமாகிவிடும். சட்டென்று எடுத்துவிடுவதால் சாயம் நூலின் மேல்பக்கம் மட்டும் பிடிக்கும், நடு வெள்ளையாகவே நிற்கும். மேல்பக்கம் தேயத் தேய அந்த வெள்ளை வெளியே வரும். "நாங்க சாயம் போகக் கூடாதுன்னு உசுரை விடுறோம். அவுக போகணும்னே போடுறாகளா?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நெசவு சுத்தமா இருக்கு" என்றார். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையை அவர் சொல்ல, நான் கேட்டேன். பாலிஷ் வேலை அன்றைக்குப் பாதிதான் நடந்தது.

சாயம் போகும் என்று வாயால் சொன்ன நானே அதை ஒருநாள் மறந்துவிட்டேன். இரண்டாவது மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் கதவு பொருத்தப் போனபோது, பட்டாலைச் சுவரில் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்றேன். முட்டையும் சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்த்துப் பூசி, கண்ணாடி போல் தேய்த்த வெள்ளைச் சுவர். நகர்ந்து பார்த்தால் இரண்டு நீலப் பட்டை. நெஞ்சு அடைத்துவிட்டது. ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்ததில் போய்விட்டது. பூச்சு வழவழப்பாக இருந்ததால் உள்ளே இறங்கவில்லை. வீட்டு ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முதல் பத்துத் துவைப்பு முடியும் வரை பிறர் வீட்டு வேலைக்கு அந்த ஜீன்ஸைப் போடவில்லை.

துவைப்பது இப்படித்தான்: உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பட்டன் எல்லாம் போட்டு, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் முக்கால் மணி நேரம். அம்மா பட்டுச்சேலைக்கு வைத்திருக்கும் பூந்திக்கொட்டைதான். சோப்புத் தூளில் வெளுப்பேற்றும் சரக்கு கலந்திருந்தால் நீலம் சாம்பல் அடித்துவிடும். பூந்திக்கொட்டையில் அந்தப் பயம் இல்லை. துவைகல்லில் அடிப்பதில்லை, முறுக்கிப் பிழிவதில்லை. தாழ்வாரத்துக் கொடியில் இடுப்பைப் பிடித்துத் தொங்கவிட்டால், வெயில் காலத்தில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் ஆனது. ஒருமுறை மக்கிய நாற்றம் அடித்து மறுபடி அலச வேண்டி வந்தது. சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு துவைப்பு. அக்கினி நட்சத்திரத்தில் காலை பதினோரு மணி வரைதான் ஜீன்ஸ், அதற்கு மேல் கைலிக்கு மாறிவிடுவேன். 14 அவுன்ஸை அந்த வெயிலில் மத்தியானமும் போட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊருக்கு 12 அவுன்ஸ் போதும்.

இப்போது வெளுப்பு. அடிக்கடி துவைத்தால் மடிப்புக் கோடுகள் மங்கலாகிவிடும் என்று பயந்தது உண்மை. கூர்மை கொஞ்சம் குறைவுதான். அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. நூல் ஒரே பருமனாக இல்லாததால், தொடை முழுக்க மழை பெய்தது போல் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஜப்பானியர்கள் தாதே-ஓச்சி என்று சொல்வது இதைத்தான். இடுப்புக்குக் கீழே வரும் கோடுகளை அவர்கள் ஹிகே, அதாவது மீசை என்பார்கள். படங்களில் பார்க்கிற மீசை நாற்காலியில் உட்காரும் மனிதனின் மீசை, குறுக்கே நேராகப் போகும். என் மீசை வெளித்தொடைப் பக்கம் சரிந்து இறங்குகிறது. நாளெல்லாம் சம்மணம் போட்டு உட்காருவதால் வந்த சரிவு. கணுக்காலின் வெளிப்பக்கம், தரையில் படும் இடத்தில், எட்டணாக் காசு அளவுக்கு இரண்டு வெள்ளை நிலா. முழங்காலின் முன்பக்கத்தைவிட வெளிப்பக்கம்தான் அதிகம் வெளுத்திருக்கிறது. குத்தவைத்து உளி பிடிப்பதால் முழங்காலுக்குப் பின்னால் தேனடை மடிப்பு நெருக்கமாக, ஆழமாக விழுந்திருக்கிறது. இந்த நாலும் நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. எனக்கு இவைதான் உயிர்.

போன மாதம் வலது பின் பாக்கெட் ஓரத்தில் ஒரு பாவு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கத்தரித்து, பழைய நாணயம் பார்க்கும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வெள்ளைத் தாளில் வைத்தேன். அறுந்த முனையில் நட்டநடுவே பால் வெள்ளை, சுற்றி நீல வளையம். நகத்தால் முறுக்கைப் பிரித்தபோது நீலம் பொடியாகத் தாளில் விழுந்தது. அதைத் தொட்டு விரலில் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கூட்டத்தில் நாலு பேர். ஞாயிறு சாயங்காலம் கொப்புடையம்மன் கோயில் பக்கம் டீக்கடையில் கூடுவோம். தேவகோட்டையில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் 21 அவுன்ஸில் அயர்ன் ஹார்ட் என்ற ஜப்பான் கம்பெனி ஜீன்ஸ் வைத்திருக்கிறார். வெல்டிங் பொறி பட்டு முன்பக்கம் முழுக்கக் கடுகு அளவு ஓட்டைகள். ஒவ்வொன்றும் எந்த கேட் செய்தபோது விழுந்தது என்று சொல்வார். பள்ளத்தூர்த் தம்பியிடம் மொமோதாரோ என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி ஜீன்ஸ் இருக்கிறது, விளிம்பு இழை இளஞ்சிவப்பு. அவன் வீட்டில் உட்கார்ந்து கணினி வேலை செய்கிறான். மடிக்கணினியின் சதுரம் தொடையில் தெரிகிறது. நால்வரும் ஒருவர் காலை ஒருவர் மடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கடைக்கார அண்ணன் பழகிவிட்டார். "டீ ஆறுதுப்பா" என்று மட்டும் சொல்வார்.

இடது முழங்காலின் வெளிப்பக்கம் இப்போது பாவு இழைகள் போய், வெள்ளை ஊடை, அதாவது குறுக்கு நூல், மட்டும் ஏணி மாதிரி நிற்கிறது. வட ஜப்பானில் குளிருக்காக ஏழைக் குடியானவர்கள் துணிமேல் துணி வைத்துத் தைத்த சாஷிகோ வேலையைப் படத்தில் அம்மாவிடம் காட்டினேன். "இது நம்ம ஓட்டுத் தையல்தானப்பா" என்று சொல்லி, உள்பக்கம் கொடுக்க ஒரு பழைய கண்டாங்கித் துண்டைத் தேடி எடுத்திருக்கிறார். அரக்குக் கட்டம், சலவையில் மெத்தென்று ஆனது. நாளைக்கு 28ஆவது துவைப்பு. காய்ந்ததும் தைக்க வேண்டும்.