ஹைபர்நேட் ஒரு கூறு, ஜேயூனிட் ஒரு கூறு
கோத்தகிரியில் 3 நாளாக விடாத மழை. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, லேப்டாப்பில் சார்ஜ் பாதிகூட இல்லை, அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஜாவா சர்வீஸ்களில் ஒன்று 'நோ சச் மெத்தட் எரர்' (கூப்பிட்ட மெத்தட் லைப்ரரியில் இல்லை) என்று விழுந்தது. டிபெண்டன்சி ட்ரீயை (எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தால் அந்த சர்வீஸில் மட்டும் பழைய ஹைபர்நேட் (டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி). எங்கள் பொது லைப்ரரி புதியதைத்தான் கேட்கிறது, ஆனால் ஒரே லைப்ரரிக்கு 2 வெர்ஷன் வந்தால் லைப்ரரிகளைச் சேர்த்து பில்ட் செய்யும் மேவன், அந்த ட்ரீயில் சர்வீஸுக்குக் கிட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் எடுக்கும், அது புதிதா பழையதா என்று பார்க்காது. போன மாதம் 11 பாம் ஃபைல்களையும் (POM, எந்த லைப்ரரி வேண்டும் என்று மேவனுக்குச் சொல்லும் ஃபைல்) கையால் திருத்தியவன் நான்தான். ஒன்றை விட்டிருக்கிறேன்.

எல்லா சர்வீஸுக்கும் பொதுவான பேரன்ட் பாமில் 'டிபெண்டன்சி மேனேஜ்மென்ட்' போட்டால் போதுமே என்றார் டீம் லீட். வெர்ஷன் சிக்கல் அதோடு தீரும், உண்மைதான். ஆனால் அது வெர்ஷனை மட்டும்தான் பிடித்து வைக்கும், லைப்ரரியை உள்ளே கொண்டு வராது. ஹைபர்நேட், போஸ்ட்கிரெஸ் டிரைவர், கனெக்‌ஷன் பூல், ஃப்ளைவே என்று டேட்டாபேஸுக்கு வேண்டிய அதே 4 பெயரை 11 இடத்திலும் எழுதியாக வேண்டும். (பில் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதாவது BOM என்ற வெர்ஷன் பட்டியலும் இதே வகைதான். அதையும் பாம் என்றே சொல்வதால் எங்கள் மீட்டிங்கில் எந்த பாம் என்று கேட்பதிலேயே கால் மணி நேரம் போகும்.)

மார்க்கெட்டில் கேரட், பீன்ஸ், பீட்ரூட்டைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, அதைத்தான் செய்தேன். பேக்கேஜிங் 'பாம்' (POM) என்று ஒரு சின்ன புராஜெக்ட், கோட் ஒரு வரி கிடையாது, உள்ளே அந்த 4 டிபெண்டன்சி மட்டும். மற்ற சர்வீஸ்களில் இதையே ஒரு டிபெண்டன்சியாக, டைப் 'பாம்' (POM) என்று சேர்த்தால் நாலும் கூடவே வரும். டைப்பை மறந்தால் மேவன் கோட் அடங்கிய ஜார் ஃபைலைத் தேடிவிட்டு இல்லை என்று கையை விரிக்கும்.

டெஸ்ட் கூறில்தான் நன்றாக மாட்டினேன். டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட், மாக்கிட்டோ இரண்டையும் கூறுக்குள் டெஸ்ட் ஸ்கோப்பில் (டெஸ்டுக்கு மட்டும் என்று) போட்டேன், சர்வீஸ் பக்கம் ஒன்றும் வந்து சேரவில்லை. டெஸ்ட் ஸ்கோப் அடுத்த புராஜெக்ட்டுக்குக் கடத்தப்படாது. கூறுக்குள் ஸ்கோப்பே எழுதாமல் விட்டு, கூறை வாங்கும் இடத்தில் டெஸ்ட் என்று போட வேண்டும். இதற்கு ஒரு முழு சாயங்காலம் போனது, நடுவில் 2 தடவை கரண்டும்.

மேவனுக்கு மாற்றான கிரேடில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை, அதன் வெர்ஷன் கேட்டலாகில் இப்படிக் கூறு கட்டவே 'பண்டில்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு.

இப்போது லாகிங், ஜேசன் (JSON) லைப்ரரிகள் எல்லாவற்றையும் ஒரே கூறில் கொட்டலாமே என்கிறார் லீட். டேட்டாபேஸையே தொடாத சர்வீஸ் எங்களிடம் 3 இருக்கிறது, அதன் தலையில் ஹைபர்நேட்டைக் கட்ட நான் தயாராக இல்லை.