உப்புக்காற்று வீசும் வீட்டில் சுவரோடு அலமாரி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கடலுக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் இரண்டு படுக்கையறைகளையும் இந்தக் கோடையில் மாற்றியமைத்தபோது, அழகுக்கு முன்பாக உப்புக்காற்றைப் பற்றிய பேச்சே வந்தது. கீல் துருப்பிடித்தால் எவ்வளவு நல்ல பலகையும் வீண் என்று ஆசாரி சொல்லிவிட்டார். ஆகவே, கீல்களையும் திருகாணிகளையும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகிலேயே கேட்டு வாங்கினோம். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் 304 வகையில் சேர்க்கப்படாத மாலிப்டினம் இதில் கலந்திருப்பதால், உப்பின் அரிப்பை இது கூடுதலாகத் தாங்கும். பலகைக்கு, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரமுடைய, ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட். விலை அதிகம்தான், ஆனால், மரநாரை அழுத்திச் செய்த, ஈரம் பட்டால் ஊதிப்போகும் எம்.டி.எஃப். பலகையை ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்ப முடியாது.

அம்மாவின் அறைக்குத்தான் அதிகம் யோசித்தோம். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வைத்தால் இடம் மிச்சமாகும் என்பது என் கணக்கு. குனிய முடியாத அத்தைக்கு அது எதற்கு என்று மனைவி கேட்டது நியாயம். எனவே அன்றாடப் புடவைகள் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள தட்டுகளுக்கு வந்தன; விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கும் பித்தளைப் பாத்திரங்கள் பரணுக்குப் போயின. கட்டில் 18 அங்குல உயரத்தில் இருப்பதால் அவர் இப்போது சிரமமின்றி எழுகிறார்.

சுவரோடு சேர்ந்த அலமாரி என்றாலும், கடல் பக்கச் சுவரைத் தவிர்த்து உள்சுவரில் அமைத்து, பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே விரற்கடை அளவு இடைவெளி விட்டோம். சுவரில் பூக்கும் உப்பும் ஈரமும் பலகையில் ஏறாது. கதவுகளின் மேலும் கீழும் காற்றோட்டத்துக்குச் சாய்சட்டங்கள் உண்டு.

பிள்ளைகள் அறையில் சன்னலோரப் படிப்பு மேசையும் புத்தகத் தட்டும் மட்டுமே. நிறம் அவர்கள் தேர்வு, எனக்கு இன்னும் உடன்பாடில்லாத ஊதா.