சுயிட்டி பெண்கள் பாட்டு: ‘ஏ’ இழுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மெட்டு ஒரு பிரச்சினையே இல்லை. பெரும்பாலும் ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். மேற்கு லாட்வியாவில் ஆல்சுங்கா ஊர்ப் பக்கம் வாழும் சுயிட்டி என்ற சிறு சமூகத்துப் பெண்கள் பாடும் முறையை எடுத்த எங்கள் ரீகா குழுவை முதலில் அலைக்கழித்தது புத்தகம். கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் வெளியிட்ட லாட்விய நாட்டுப்பாடல் தொகுப்பில் (1894–1915) இரண்டு லட்சத்துக்கு மேல் பாடல்கள். அத்தனையும் வரிகள் மட்டுமே. மெட்டுக்கு இசையமைப்பாளர் ஆண்ட்ரெய்ஸ் யூர்யான்ஸ் தொகுப்பைப் பாருங்கள். ஒரே மெட்டில் பல எட்டசைப் பாட்டுகள் உட்காரும். அசை குறைந்தால் வரிக் கடைசியில் ஒரு ‘இ’ போட்டு நிரப்புவார்கள். விட்டால் தாளம் சறுக்கும்.

‘தெய்ட்சேயா’ என்கிற முன்பாடகி வரியை எடுத்துக் கொடுப்பார். ‘லுவொட்சீதாயா’ என்கிற இரண்டாம் பாடகி அதையே சற்று வளைத்துத் திருப்பிப் பாடுவார். மற்றவர்கள் அடியில் ஒரே சுரத்தில் ‘ஏ’ என்று இழுப்பார்கள். வம்பெல்லாம் இந்த இழுவையில்தான்.

இழுப்பவர் ‘ஸ’ பிடித்திருக்க, மெட்டு ‘ரி’யில் வந்து உரசும். கொயர் பழக்கம் உள்ளவர்களுக்குக் காது பொறுக்காது. தன்னை அறியாமல் ‘நி’க்கோ ‘த’வுக்கோ நழுவிவிடுவார்கள். எங்களுக்கு வாய்த்த பயிற்றுநர் இன்னும் ஒரு படி மேலே போய், “இனிமையாக இல்லை” என்று உரசலையே நீக்கி ஹார்மனி எழுதிக் கொடுத்தார்! அந்தத் தாளை வாங்காதீர்கள். யுனெஸ்கோ 2009-இல் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த சுயிட்டி பண்பாட்டின் ஒரு பகுதி இது; யாரும் திருத்தித் தரக் கேட்கவில்லை. கிராமத்து மூத்த பெண்களின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுங்கள்.

குரலை நெஞ்சிலிருந்து, அசைக்காமல் நேராகக் கொடுக்க வேண்டும். நம் தம்புரா மாதிரி பின்னணியில் மெல்லக் கிடக்கிற சுருதி அல்ல இது.

அடுத்த தொல்லை மூச்சு. கடைசிச் சொட்டு வரை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், சுருதி இறங்கும். தெய்ட்சேயா அடுத்த வரியை அந்த இறங்கிய சுருதியிலேயே எடுப்பார். பாட்டு முடிவதற்குள் முழு ஒரு சுரம் போயிருக்கும். இருவர் இருவராகப் பிரித்து நிறுத்தினோம்: ஒருத்தி மூச்செடுக்கும்போது பக்கத்தவள் எடுக்கக் கூடாது, திரும்பச் சேரும்போது மெல்லச் சேர வேண்டும். வரி முடிகிற இடத்தில் யாருமே மூச்செடுக்கக் கூடாது. அதன்பின் சுருதி நின்றது.

மேடையில் தெய்ட்சேயாவுக்கு மட்டும் மைக் வைக்க வருவார்கள். விடாதீர்கள், இழுவை காணாமல் போகும். எல்லாரும் நெருக்கமாக அரைவட்டத்தில் நின்று, நடுவில் ஒரே மைக் கேளுங்கள். சின்ன அரங்கு என்றால் அதுவும் வேண்டாம்.