உள்ளி இல்லாத ஆறு கிழமை

மெல்பேர்னுக்கு வந்து இது இரண்டாவது மாரி. எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதி, வேலையில் நிமிர்ந்து இருக்க முடியவில்லை. பாணை நிறுத்திப் பார்ப்போம் என்று நினைத்தேன். வைத்தியர் மறித்தார். கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டுமாம். நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் பிடிபடாமல் போகலாம். உணவை மாற்ற அவசரப்படுகிற எவருக்கும் முதலில் இதைத்தான் சொல்லுவேன்.

எனக்குச் சீலியாக் இல்லை. உணவியலாளர் சொன்னது லோ ஃபொட்மப் முறை. இதே ஊரின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்து வாயுவாகும் சில மாச்சத்துகளை 2 முதல் 6 கிழமை தவிர்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியலின் தலையில் வெங்காயமும் உள்ளியும். கண் கலங்கிவிட்டது.

ஆயத்தத்துக்கே இரண்டு கிழமை போனது. மெல்பேர்னின் டண்டினோங் பகுதிக் கடைகளில் ஒவ்வொரு பைக்கற்றாகத் திருப்பி வாசித்தேன். பெருங்காயத் தூளில் கோதுமை மா. இடியப்பத்துக்கு அவிச்ச கோதுமை மாவை விட்டுச் சிவப்பரிசி மா வாங்கினேன். பால்தேத்தண்ணிக்கு லக்ரோஸ் நீக்கிய பால். அம்மா அனுப்பிய கறித்தூளில் மிளகாய், மல்லி, சீரகம், மிளகுதான், உள்ளி இல்லை. அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளியில் இருக்கும் ஃபிரக்டான் என்ற மாச்சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே சொதியில் போட்ட உள்ளியைப் பொறுக்கி எறிவதில் பயனில்லை. எண்ணெயில் பொரித்து, உள்ளியை முழுதாக எடுத்துவிட்டால் வாசம் எண்ணெயில் நிற்கும். அன்றன்றைக்குச் செய்து முடித்துவிட வேண்டும். வெளியே வைத்தால் நச்சுக் கிருமி வளரலாம். வெங்காயத்துக்குப் பதில் லீக்ஸின் பச்சை இலை. வெள்ளைத் தண்டு கூடாது.

அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன்.

"வெங்காயம் இல்லாமல் என்ன சொதி, பிள்ளை?"

அடுத்த நாள் அவவே எடுத்தா. "இண்டைக்கு நானும் லீக்ஸ் இலை போட்டுத்தான் வச்சனான். நல்லாத்தான் இருக்கு. நீ பயப்பிடாதை."

திங்கட்கிழமை தொடங்குகிறேன். ஆறு கிழமை முடிந்ததும் முதலில் எதைச் சேர்த்துப் பார்க்க விருப்பம் என்று உணவியலாளர் கேட்டார். சின்ன வெங்காயம் என்றேன்.