நெகட்டிவ் என்று வந்தால்

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வரும் வயிற்றுத் தொல்லைகளைப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. மேல்வயிறு எரிகிறது, நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்பார்கள். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனை எழுதுவோம். பாசிட்டிவ் வந்தால் நம்பிவிடுவேன். நெகட்டிவ் வந்தால் மருந்துப் பட்டியலைத்தான் முதலில் கேட்பேன்.

இந்தக் கிருமி யூரியாவை உடைக்கக்கூடியது. கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கவைத்து, அரை மணி நேரம் கழித்து ஊதச் சொன்னால், கிருமி இருந்தால் அந்தக் கார்பன் மூச்சில் வெளிவரும். "என்னால் அவ்வளவு ஊத முடியுமா?" என்று சிலர் பயப்படுவார்கள். பயமே வேண்டாம், பார்ப்பது காற்றின் அளவை இல்லை, இருவகைக் கார்பனின் விகிதத்தை. சிக்கல் மருந்துகளில்தான்; சில மருந்துகள் கிருமியை அடக்கிவைத்து, இருந்தும் இல்லாததுபோல் காட்டிவிடும். ஒமெப்ரசோல் வகை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருந்தால்தான் நெகட்டிவுக்கு மதிப்பு. இவர்களில் பலருக்கோ, எதுக்களிப்பு புது நுரையீரலைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அந்த மாத்திரை தினமும் உண்டு. உடல் புது நுரையீரலை மெல்ல மெல்ல ஏற்க மறுக்கும் நாள்பட்ட நிராகரிப்புக்காகச் சிலர் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் சாப்பிடுவார்கள். அமில மாத்திரைக்குப் பதில் ஃபமோடிடின் என்ற வேறு வகை மாத்திரை கொடுத்து 2 வாரம் ஓட்டலாம், அதுவும் மாற்று சிகிச்சைக் குழுவிடம் கேட்டுத்தான். ஒரு பரிசோதனைக்காக அசித்ரோமைசினை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை பழைய தொற்றையும் இப்போதைய தொற்றையும் பிரித்துச் சொல்லாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவரின் உடலில் எதிர்பொருளே சரியாக உருவாகாமலும் போகலாம்.

அதனால் இவர்களுக்கு எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கட்சி. சைட்டோமெகலோ வைரஸா, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டின் பக்கவிளைவா என்பதையும் அப்போது எடுக்கும் துணுக்கிலேயே (பயாப்சி) பார்த்துவிடலாம். ஒருவருக்கு மூச்சு, மலம் இரண்டு பரிசோதனையும் நெகட்டிவ். இரைப்பையின் கீழ்ப்பகுதித் துணுக்கிலும் ஒன்றுமில்லை. நடுப்பகுதியில் எடுத்ததில் கிருமி இருந்தது. அமில மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கிருமி இப்படி மேலே நகர்ந்துவிடும். இரண்டு இடத்திலும் எடுப்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

கிருமி தெரிந்துவிட்டால் மருந்து எழுதுவதிலும் கவனம் வேண்டும். அசித்ரோமைசின் சாப்பிட்டவரிடம் அதே குடும்பத்து ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் பலிக்காமல் போக வாய்ப்பு அதிகம். போதாததற்கு அது, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சையைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறேன். அப்போதும் டாக்ரோலிமஸ் அளவை இடையிடையே பார்க்கச் சொல்வேன். சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்காக அமில மாத்திரையை எந்தத் தேதியிலிருந்து மாற்றுவது என்பதை முதல் நாளே குழுவோடு பேசி, நோயாளியின் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.